நாய்க்குட்டிக்குத் தடுப்பூசியும் அதன்பின் காணும் நரம்புக் குறிகளும்



நெல்லுக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஆலோசனை கூறும் துண்டுப்பிரசுரத்தில் நாய்க்குட்டிக்கு என்ன அலுவல் என்று நீங்கள் வினவலாம். கந்தளாயிலோ தம்பலகாமத்திலோ மூதூரிலோ பெரும்போகக் கதிர் முற்றும் காலத்தில் இராக்காவல் இருந்தவர் அவ்வினாவை எழுப்பமாட்டார். காட்டுப்பன்றி வயலில் இறங்குமுன் அதனைக் காட்டிக்கொடுப்பது நாயே. மரக்கறித் தோட்டத்திற் குரங்கையும் மயிலையும் விரட்டுவதும் அதுவே. மண்வெட்டியைப் போல நாயும் கமத்தொழிலுக்கு ஓர் உபகரணம் ஆகிவிட்டது. மண்வெட்டிக்கு இல்லாத ஓர் அபாயம் மாத்திரம் நாய்க்கு உண்டு. அது விசர் நோய்.

அந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. இலங்கையில் அரசாங்கச் செலவில் அது கிராமங்களுக்கே கொண்டுவந்து இடப்படுகிறது. எனினும், வளர்ந்த நாயைக் கயிற்றிற் கட்டிக் கொண்டுவருவோருட் பலர் குட்டியை வீட்டிலே விட்டுவிட்டு வருகின்றனர். கேட்டால், “குட்டிக்கு ஊசி போட்டால் பின்னங்கால் இழுத்துவிடும், வலிப்பு வரும், அதன் பிறகு காவலுக்கு உதவாது” என்பர். இப்பேச்சு வெறும் கற்பனையன்று. ஒரு காலத்தில் இதற்கு மெய்யான காரணம் இருந்தது. அக்காரணம் யாது, இன்று அது உண்டா, ஊசி இட்ட குட்டி தள்ளாடினால் என்ன செய்தல் வேண்டும் என்பவற்றை இங்கு விளக்குவோம். மூன்றாவதைக் கவனமாக வாசியுங்கள். அதிற் பிழைத்தால் இழப்பது குட்டியை மாத்திரமன்று.

முதலிற் பழைய கதை. 1885ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் லூயி பாஸ்டர் என்னும் அறிஞர் விசர்நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பு மருந்து ஏற்றினார். விசர்க்கிருமி ஏற்றிய முயலின் முள்ளந்தண்டு நரம்பை எடுத்து உலர்த்தி அம்மருந்தைச் செய்தார். பின்னர் 1911இல் இந்தியாவின் கசௌலி மலையில் டேவிட் செம்பிள் என்பவர் ஆட்டின் மூளையிற் கிருமியை வளர்த்து, அதனைப் பீனோல் என்னும் திரவத்தினாற் கொன்று மருந்து செய்யும் முறையை வகுத்தார். தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி என்று நம் முன்னோர் அஞ்சிய மருந்து இதுவே. இலங்கையிலும் இந்தியாவிலும் இது நெடுங்காலம் வழங்கியது. மனிதருக்கு இடப்பட்டதைப் போல நாய்களுக்கும் மூளையிற் செய்த மருந்தே இடப்பட்டது.

இம்மருந்து பலரைக் காத்தது. ஆயினும் சிலருக்குக் கைகால் வழங்காமற் போயிற்று, சிலர் இறந்தனர். நாய்களிலும் அவ்வாறே நேர்ந்ததுண்டு. நரம்புகளின்மேல் மின்கம்பிக்கு உறை இட்டாற்போல ஒரு வெண்ணிறக் கொழுப்புறை உண்டு. மூளையிற் செய்த மருந்தோடு அவ்வுறையின் துகள்களும் உடலினுட் புகுந்தன. உடலின் காவற்சக்தி அத்துகள்களைப் பகையெனக் கருதி அழிக்கப் பழகியது. பழகியபின் தன்னுடைய நரம்புறையையும் அதேபோல அழிக்கத் தொடங்கியது. வயலிற் களை பிடுங்க அனுப்பிய ஆள், நாற்றைப் போலவே தோன்றும் புல்லைப் பிடுங்கிப் பழகி ஈற்றில் நாற்றையும் சேர்த்துப் பிடுங்குவதை ஒத்தது இது. ஆகவே அந்நாளிற் கால் இழுத்தது கிருமியினால் அன்று. மருந்திற் கலந்திருந்த மூளையினாலாகும். 1955இல் சிலி தேசத்தில் இருவர் பிறந்து சில நாளான எலிக்குஞ்சின் மூளையைப் பயன்படுத்தியதும் இக்குறையைக் குறைப்பதற்கே. அவ்வளவு இளம் மூளையில் அவ்வெள்ளுறை இன்னும் உருவாகியிராது.

குட்டிகளைக் குறித்த அச்சத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. 1948ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிற் கொப்ரொவ்ஸ்கி, கொக்ஸ் என்னும் இருவர், விசர்க்கிருமியைக் கோழிமுட்டைக் கருவில் மீண்டும் மீண்டும் வளர்த்து வலிமை குன்றச்செய்து, உயிருள்ள தடுப்பு மருந்தொன்றை ஆக்கினர். ஃபிளுரி வகை என்பது அதன் பெயர். ஓர் ஊசியோடு வளர்ந்த நாய்க்கு நீண்ட பாதுகாப்புக் கிடைத்ததால் பல நாடுகள் அதனை ஏற்றுக்கொண்டன. ஆனால் கருவிற் சில முறையே வளர்த்த முதல் வகை, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு ஆகாது எனப் பின்னர் தெரிந்தது. அத்துணை இளம் உடலில் வலிமை குன்றிய கிருமியும் பெருகி நரம்பினுட் புகவல்லது. ஊசி இட்ட காலிலே முதலில் வாதம் கண்டு, பின் உடல் முழுவதும் பரவிய குட்டிகள் இருந்தன. அதனால் “மூன்று மாதம் ஆகும்வரை குட்டிக்கு ஊசி இல்லை” என்ற விதி எழுந்தது. அவ்விதி அந்த மருந்துக்கு உரியது. மருந்து மாறிப் பல்லாண்டு கழிந்தும் விதி மட்டும் மக்கள் மனத்தில் நின்றுவிட்டது.

இன்று இலங்கையில் நாய்களுக்கு இடப்படும் விசர்த் தடுப்பூசி மூளையிற் செய்ததன்று. உயிருள்ள கிருமியும் அதில் இல்லை. கண்ணாடிக் கலங்களில் உயிரணுக்களை வளர்த்து, அவற்றிற் கிருமியைப் பெருக்கி, அதனை முற்றாகக் கொன்று செய்வது அது. புழுக்கிய நெல்லைப் பாருங்கள். உருவம் நெல்தான், கண்டவர் நெல் என்றே கூறுவர், ஆயினும் எந்த நாற்றுமேடையிலும் அது முளையாது. கொன்ற கிருமியும் அத்தகையதே. குட்டியின் உடல் அதனைக் கண்டு பகையின் உருவத்தை அறிந்துகொள்ளும். ஆனால் அதிலிருந்து நோய் முளைக்க வழியில்லை. மூளையிற் செய்த மருந்தை மனிதருக்கு இடுவதை இந்தியா 2004ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தியது. இலங்கையிலும் அது வழக்கொழிந்தது. ஆதலின் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் ஊசி இடுதல் வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய அறிவுரை. இந்நாட்டிற் பெரும்பாலும் ஆறு வாரம் நிறைந்த குட்டிக்கு முதலாம் ஊசியும், மூன்று மாதத்தில் அடுத்ததும், பின்னர் ஆண்டுதோறும் ஒன்றும் இடுவர். இரண்டாவது ஊசியை வீண் என்று எண்ணாதீர்கள். தாயின் சீம்பாலோடு குட்டிக்குக் கிடைத்த காவற்சக்தி முதலாம் ஊசியின் பயனை ஓரளவு தடுக்கும். அது தணிந்தபின் இடும் ஊசியே நிலைத்துநிற்கும். நாளைக் குறிப்பதை உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.

அப்படியாயின் ஊசிக்குப் பின் குட்டிக்கு ஒன்றுமே நேராதா? நேரும். நேர்வதை நாழிகையும் நாளும் கொண்டு பகுத்தறிதல் வேண்டும். ஊசி இட்ட திகதியை எழுதிவைக்கச் சொல்வது இதற்காகவே.

ஊசி இட்ட சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்தினுள் முகம் வீங்கல், உடலிற் தடிப்பு எழல், வாந்தி, தள்ளாடி விழுதல் ஆகியன காணலாம். இது மருந்து ஒவ்வாமை. மிக அரிதேயாயினும் விரைவிற் கொல்லவல்லது. ஆகையால் ஊசி இட்டவுடன் வீட்டுக்கு ஓடாமல், ஊசி இடும் இடத்திலே நிழலில் அரைமணி நேரமாவது குட்டியோடு தங்குங்கள். அங்கே மாற்று மருந்து உண்டு. உங்கள் வயல்வாடியில் இல்லை.

அன்றும் மறுநாளும் குட்டி சோர்ந்து படுப்பதும், உணவில் நாட்டம் குறைவதும், ஊசி இட்ட இடம் சற்றுத் தடித்து நோவதும் வழமை. ஒரு காலை நொண்டினால், ஊசி தொடையில் இடப்பட்டதா என நினைவுகூருங்கள். குட்டியின் தொடையிற் தசை சிறிது. பெரிய நரம்பு அணித்தே ஓடுகிறது. குட்டி துள்ளும்போது ஊசிமுனை அந்நரம்பிற் பட்டால் அக்கால் உடனே தளரும். இது மருந்தின் குற்றமன்று. பிடித்தவரின் பிடி தளர்ந்த குற்றம். கழுத்துக்குப் பின்புறம் தளர்ந்த தோலின் கீழ் இடுவதே குட்டிக்கு உகந்தது. ஒருவர் பிடரியையும் மற்றவர் இடுப்பையும் பிடித்தால் வைத்தியரின் வேலை இலகுவாகும். சிறு பிள்ளைகளிடம் குட்டியைக் கொடுத்தனுப்புவது நன்றன்று.

ஊசி இடும் இடத்திலேயே குட்டி நடுங்கி மயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. விடியற்காலை வெறுவயிற்றோடு சாக்கினுட் போட்டு, வெயிலில் நெடுந்தூரம் கொண்டுவந்த குட்டிக்கு, அதிலும் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிய மெலிந்த குட்டிக்கு, இரத்தத்தில் இனிப்புச்சத்துக் குன்றி வலிப்பு வருவதுண்டு. முன்கூட்டியே புழுமருந்து கொடுத்து, அன்று காலை உணவூட்டி, காற்றோட்டமான கூடையிற் கொண்டுவந்தால் இது நேராது. வயிறோட்டமோ காய்ச்சலோ உள்ள குட்டிக்கு அன்று ஊசி இடாமல், அதனை வைத்தியரிடம் காட்டிப் பிறிதொரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டினத்திற் பணம் கொடுத்து இடும் கூட்டுத் தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான மருந்துகள் சேர்ந்திருக்கும். டிஸ்டெம்பர் மருந்து உயிருள்ள, வலிமை குன்றிய கிருமியாலானது. ஊசி இட்டு ஒன்று இரண்டு வாரத்தில் அதனால் மூளை அழற்சி கண்ட குட்டிகளை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆனால் அது மிகவும் அருமை. அதைவிடப் பலமடங்கு நேர்வது வேறு. ஊசிக்கு முன்னரே டிஸ்டெம்பர் நோய் தொற்றிய குட்டிக்கு, ஊசிக்குப் பின் கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்து, இருமலும் வயிறோட்டமும் கண்டு, ஈற்றிற் தாடை துடித்து வலிப்பு வரும். பார்ப்பவர் ஊசியைப் பழிப்பர். மழை பெய்த மறுநாட் சாய்ந்த வேலியைக் கண்டு மழையை நோவதைப் போன்றது அது. கறையான் தின்ற கட்டையை எவரும் பார்ப்பதில்லை.

இனி மூன்றாவது விஷயம். ஊசி இட்டுப் பத்தாம் நாள், அல்லது இருபதாம் நாள், உங்கள் குட்டி தள்ளாடுகிறது என வைத்துக்கொள்வோம். கீழ்த்தாடை தொங்குகிறது. வாயில் நீர் வடிகிறது. குரைத்தால் குரல் கம்முகிறது. வீட்டார் இதனை “ஊசியின் வேலை” என்று முடிவுசெய்து, குட்டியை மடியிற் கிடத்தி வாயைத் திறந்து முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊற்றுவர். வேறு சிலர் தொண்டையில் எலும்பு சிக்கியது எனக் கருதி விரலை விட்டுத் தேடுவர். அக்குட்டி விசர் நோயினால் வருந்துவதாயின், அவ்வீட்டில் அதனைத் தொட்ட அனைவரும் அந்த நாழிகையில் அபாயத்துக்கு உள்ளாகின்றனர்.

ஊசி இட்ட குட்டிக்கு விசர் வருமா என்பீர்கள். ஊசி இடுமுன்னரே கடிபட்டிருந்தால் வரும். கடித்த நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையில் இரண்டு வாரம் முதற் சில மாதம் வரை செல்லும். ஊசியின் பாதுகாப்பு உடலில் ஊன்றுவதற்கே இரண்டு மூன்று வாரம் வேண்டும். திருகோணமலைப் பட்டினத்தின் சந்தையிலும் மீன் இறங்குதுறையிலும் அலையும் நாய்கள் ஈன்ற குட்டிகளை இரங்கி எடுத்துக் கிண்ணியாவுக்கும் குச்சவெளிக்கும் வயற்காவலுக்குக் கொண்டுபோவது நம்மவர் வழக்கம். அக்குட்டியின் தாய்க்கு நோய் இருந்ததா, கூட்டத்தில் எந்நாயாவது அதனைக் கடித்ததா என்பதை எவர் அறிவார்? ஆதலின் நரம்புக் குறி காட்டும் எந்தக் குட்டியையும், ஊசி இட்டதாயினும் இடாததாயினும், விசர் நோய் இல்லையென வைத்தியர் கூறும்வரை விசர் நோயென்றே கொள்ளுதல் வேண்டும். இதில் நாம் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோயினால் இறந்தோர் 377 பேர். நாய்களுக்கு ஊசி இடும் இயக்கத்தினால் அத்தொகை அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்கு இருபது முப்பது என்னும் அளவுக்கு இறங்கியது. ஆயினும் நோய்க்குறி தோன்றியபின் மனிதரைக் காக்கும் மருந்து இன்றும் இல்லையென்றே கொள்ளுங்கள்.

அத்தகைய குட்டியைக் கையாற் தொடாதீர்கள். பெரிய கூடையாலோ பெட்டியாலோ கவிழ்த்து மூடி, பிள்ளைகளும் ஏனைய நாய்களும் அணுகாதவாறு நிழலில் வைத்து, மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள். வலிப்பு வருகையில் வாயினுள் எதனையும் திணிக்கவோ ஊற்றவோ வேண்டாம். அருகிற் கிடக்கும் கல்லையும் கட்டையையும் தடியாற் தள்ளிவிட்டு விலகிநில்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் வைத்தியர் உடனே வருதல் வேண்டும். குட்டி இறந்தால் அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். தலையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பி விசர் நோயா அன்றா என்று அறியலாம். தலையை எடுப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. நீங்கள் செய்யவேண்டியது உடலைத் தொடாமற் பொலித்தீனில் மூடிக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து ஆள் அனுப்புவதே.

கடியோ கீறலோ பட்டவர், சவர்க்காரம் இட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவுதல் வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நீண்ட நேரம்; மணிக்கூட்டைப் பார்த்தே கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஆகியவற்றை அப்பாதீர்கள். பின் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஊசி அங்கு இலவசம். அது இன்று கையில் இடப்படுவது, தொப்புளைச் சுற்றி அன்று. கடித்த நாய் நலமாகத் தோன்றினால் அதனைக் கொல்லாமற் கட்டிவைத்துப் பத்து முதற் பதினான்கு நாள் வரை கவனிப்பது வழக்கம். ஆனால் அந்நாட்கள் கழியட்டும் என்று வைத்தியசாலைக்குப் போகாதிருத்தல் ஆகாது. நெற்செய்கையாளருக்குத் தனியாக ஒன்று கூறுவோம். சேற்றில் நின்று உழைக்கும் உங்கள் பாதங்களில் வெடிப்பும் விரலிடுக்கிற் சேற்றுப்புண்ணும் உண்டு. அரிவாள் கீறிய கைகளும் உண்டு. நோயுள்ள குட்டி அவ்விடத்தை நக்கினாற் போதும், கடிக்க வேண்டுமென்பதில்லை.

தோட்டக்காரர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். குட்டி நடுங்குவதற்கும் வாய்நீர் வடிப்பதற்கும் உங்கள் தோட்டத்துக் கிருமிநாசினியே காரணமாயிருத்தல் கூடும். மருந்து தெளிகருவியைக் கழுவிய நீரைக் குடித்த குட்டிக்கும், வெறும் போத்தலைக் கடித்து விளையாடிய குட்டிக்கும் எச்சில் ஒழுகி, தசைகள் துடித்து, வயிறு கழிந்து, கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கும். எலிக்கு வைத்த நஞ்சும் நத்தைக்கு இட்ட நஞ்சும் வலிப்பை உண்டாக்குவனவே. ஊசி இட்ட வாரத்திலே தோட்டத்துக்கு மருந்து தெளித்திருந்தால், எந்த மருந்து, எந்நாள் தெளித்தது என்பதை வைத்தியருக்கு ஒளியாமற் கூறுங்கள். முடிந்தால் போத்தலின் சீட்டையே கொண்டுபோய்க் காட்டுங்கள். சிலவகை நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. விசருக்கு அது இல்லை. ஆகையால் இவ்விரண்டையும் பிரித்தறிதல் ஓர் உயிரின் விலை பெறும்.

நாயினால் மாட்டுக்கும் இந்நோய் வரும். வயற்கரையில் மேயும் எருமையோ பசுவோ காரணமின்றிக் கதறி, வாய்நீர் வடித்து, விழுங்க இயலாது நின்றால், வாயினுட் கை விட்டுப் பார்க்காதீர்கள். மாடு கடிக்காது என்ற துணிவில் அவ்வாறு செய்வோர் உளர்.

ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஆண்டுதோறும் ஊசி இட்டால் நோய் அவ்வூரில் நிலைக்க இயலாது என்பது உலகெங்கும் கண்ட அநுபவம். சென்ற ஆண்டு எழுபது என்ற கணக்கு இவ்வாண்டு நில்லாது. கிழவை இறக்கும், குட்டி பிறக்கும். ஊசி இடாத குட்டிகள் பெருகினால் வேலியில் அத்தனை பொட்டுக்கள் விழுந்ததாகக் கொள்ளுங்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் ஊசி வண்டி வந்தால், சூடடிக்கும் களத்தை விட்டு எவரும் அசையமாட்டார் என்பது எமக்குத் தெரியும். அத்தகைய வேளையில் உங்கள் கமக்காரர் அமைப்பின் வாயிலாக மிருக வைத்தியரின் கந்தோருக்கு முன்கூட்டியே எழுதி, அறுவடைக்குப் பிந்திய ஒரு நாளைக் கேட்டுப் பெறலாம். தடுப்பு மருந்தை இரண்டு பாகை முதல் எட்டுப் பாகைக் குளிரில் வைத்திருத்தல் வேண்டும்; வெயிலிற் காய்ந்தாலும் பனிக்கட்டியாய் உறைந்தாலும் அது கெடும். ஆதலின் கடையில் வாங்கிச் சட்டைப்பையிற் போட்டுவந்த மருந்தை அயலவரைக் கொண்டு இடுவிப்பது, ஊசி இட்டோம் என்ற பொய்யான தைரியத்தையே தரும்.

ஊசி இட்ட நாளன்று தரப்படும் அட்டையில் நாயின் நிறம், வயது, திகதி ஆகியவை சரியாக எழுதப்பட்டனவா என்று அங்கேயே பாருங்கள். குட்டி வளர நிறம் மாறுவதுண்டு. ஆகையால் காதிலோ வாலிலோ உள்ள அடையாளம் ஒன்றையும் எழுதுவியுங்கள். அட்டையை வயல் உறுதியோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள். நாய் எவரையேனும் கடித்த நாளில் வைத்தியசாலையில் முதலிற் கேட்பது அதனையே.